கத்தரிக்காய்க் கடல்: ஒரு வலைக்கூடச் சுவரின் நிகழ்வு ஆய்வு

சுவர் 32 அடி நீளம், 8 அடி உயரம். ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் என்ற ஊருக்குச் சற்று மேற்கே ஒரு மீனவக் கிராமத்தில், வலை பின்னும் கூடத்தின் வெளிச்சுவர். மேற்குப் பார்த்தது. அதாவது காலையில் நிழல், மதியத்துக்கு மேல் அடுப்பு. இந்த ஒரு விவரத்தை நாங்கள் தொடக்கத்திலேயே நோட்டில் எழுதி வைத்திருந்தோம். இருந்தும் அதன் முழு அர்த்தம் விளங்க மூன்று வாரம் ஆனது.

ஊர்ப் பெரியவர்கள் கேட்டது எளிமையான ஒன்று. "நம்ம கடல்ல என்னென்ன இருக்கோ அதெல்லாம் சுவத்துல இருக்கணும்." 2025 தடைக்காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள். எல்லோரும் கரையில் இருப்பார்கள், கூடத்தில் வலையோடு உட்கார்ந்திருப்பார்கள். தப்பாக வரைந்தால் சொல்ல ஆள் இருக்கும் காலம் என்று அதைத் தேர்ந்தெடுத்தோம். நல்ல முடிவு. அதே காலத்தில்தான் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிளம்பும் என்பதை நான் யோசிக்கவில்லை.

வரைந்தவர் என் தாய்மாமா. 61 வயது. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் கடைப் போர்டு, கட்சிச் சுவர், படகுப் பெயர் எல்லாம் அவர் கைதான். ஃபிளெக்ஸ் வந்தபிறகு போர்டு போனது, சுவர் போனது, படகு மட்டும் மிஞ்சியது. நான் ராமநாதபுரத்தில் கணினியில் வடிவமைப்பு வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருவாட்டு லேபிள், சில சமயம் புத்தக அட்டை. காகிதத்தில் நீர்வண்ணமும் வரைவேன். மாமாவின் கையையும் என் டேப்லெட்டையும் ஒரே சுவரில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு இந்த வேலையில் இருந்த ஆசை. என்ன ஆனது என்பதை, தப்பு நடந்த இடங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி, இங்கே வைக்கிறேன்.

அரண்மனையில் ஒரு நாள்

முதல் வேலையாக ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போனோம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் வரையப்பட்ட சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. ராமாயணம், பாகவதம், தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், அரசவைக் காட்சிகள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தோடு போய் ஓடிவிளையாடிய இடம்தான். இந்த முறை உட்கார்ந்து பார்த்தேன்.

போனை எடுத்தேன். மாமா, "படம் எடுக்காத ஆத்தா. எடுத்தா பாக்க மாட்ட. நோட்டுல வரை" என்றார். சரி என்று வரைந்தேன். வரைந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. அந்த ஓவியர்கள் தூரத்தைக் காட்ட எதையும் சிறிதாக்கிக்கொண்டு போகவில்லை. சுவரைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் ஒரு நிகழ்வை நகர்த்திக்கொண்டு போயிருக்கிறார்கள். தட்டையான நிறம், சுற்றிலும் உறுதியான கோடு, நிழல் கிடையாது. நடந்துகொண்டே பார்க்க வேண்டிய ஓவியத்துக்கு அதுதான் சரி. எங்கள் சுவரையும் சைக்கிளில் போகிறவர்களும் மீன்கூடையோடு நடக்கிறவர்களும்தான் பார்க்கப்போகிறார்கள். அங்கேயே அமைப்பு முடிவாகிவிட்டது: மேலே தண்ணீர் மட்டம், நடுவில் நீந்துகிறவை, கீழே தரையில் கிடக்கிறவை என மூன்று பட்டை.

சுவரைப் பார்த்து நின்றால் நாம் கிழக்கே பார்க்கிறோம். நேரே போனால் பாம்பன். இடது கைப் பக்கம் வடகடல், வலது கைப் பக்கம் தென்கடல். வரைபடங்களில் முன்னது பாக் நீரிணை, பின்னது மன்னார் வளைகுடா. ஓவியத்திலும் அப்படியே இடப்பக்கம் கடற்புல், வலப்பக்கம் பவளப்பாறை, நடுவில் பாலம் என்று வைத்தோம். திசை தப்பாத ஓவியம் என்று பெரியவர்களுக்கு அதில் ரொம்ப திருப்தி.

காகிதம், உப்பு, ஸ்கேனர்

நான் 40 சொச்சம் உயிர்களைத் தனித்தனியாக நீர்வண்ணத்தில் வரைந்தேன். சீலா, பாறை, கிளிமீன், ஓரா, திருக்கை, கணவாய், நண்டு, சங்கு. கடலின் பின்புலத்துக்குத் தனித்தாள்கள். ஈரமான நிறத்தின் மேல் உப்பைத் தூவினால், ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை இழுத்து, காய்ந்ததும் நட்சத்திரம் போல ஒரு தடம் விடும். வாலிநோக்கத்து உப்பு வீட்டிலேயே இருக்கிறதே என்று கல்லுப்பைத் தூவினேன். ஒன்றும் ஆகவில்லை. நிறம் அங்கங்கே சேறாகக் குழம்பியதுதான் மிச்சம். கடற்கரைக் காற்றில் கல்லுப்பு ஏற்கெனவே ஈரம் குடித்திருந்தது. அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். நிறைந்த வயிறு இன்னும் என்ன குடிக்கும்? அம்மா வாணலியில் போட்டு வறுத்துக் கொடுத்தார். வறுத்த உப்பு அழகாகப் பூத்தது.

அடுத்தது ஸ்கேன். இங்கே நான் செய்தது வீண்வேலை என்று இப்போது சொல்லிவிடுகிறேன். ஏ4 தாளை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தேன். ஒரு தாளுக்கு 4960 க்கு 7016 புள்ளிகள். 20 செ.மீ. மீன் சுவரில் 5 அடி ஆகப்போகிறது, ஏழரை மடங்கு, அதனால் கூர்மை வேண்டும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் சுவரில் யாரும் அந்தக் கோப்பை அச்சடிக்கப் போவதில்லை, மாமா கையால் வரையப்போகிறார். அமைப்பைப் பார்க்க 150 டிபிஐ போதும். கோப்பு கனத்து டேப்லெட் திணறியதுதான் நான் கண்ட பலன். மாமா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "உன் மெஷினுக்கு மூச்சு வாங்குது" என்றார்.

ஸ்கேனரில் இன்னொரு சிக்கலும் வந்தது. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் மெலிந்த வகை ஸ்கேனர்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கிடப்பதை மட்டுமே கூர்மையாகப் பிடிக்கும். நீர்வண்ணத்தில் நெளிந்த தாள் மேலெழும் இடமெல்லாம் மங்கிவிட்டது. கடைசியில் தாளைப் பலகையில் ஒட்டி, வீட்டுத் திண்ணை நிழலில் வைத்து கேமராவில் எடுத்தேன். ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டை, படத்தில் நிறம் எந்தப் பக்கமும் சாயாமல் வெள்ளை வெள்ளையாகவே வருகிறதா என்று சரிபார்க்க. சாம்பல் அட்டையின் அருமை எனக்கு அப்போது முழுதாகத் தெரியாது. பின்னால் தெரிந்தது.

டேப்லெட் டீக்கடைக்குப் போனது

கிரீட்டா என்ற இலவச மென்பொருளில் எல்லா மீனையும் தனித்தனி அடுக்காக வைத்தேன். அடுக்கைப் பெருக்கல் முறையில் வைத்தால் தாளின் வெள்ளை மறைந்து நிறம் மட்டும் நிற்கும். அதனால் மீனை வெட்டி எடுக்காமலே கடலின் மேல் நகர்த்தலாம். இதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கும் டீக்கடைக்கும் போனேன். இந்த வேலையில் கணினி தன் கூலியைச் சம்பாதித்தது இங்கேதான்.

"பாறை மீனத் தனியா விட்டிருக்க. அது கூட்டமா வரும்." நகலெடுத்து ஏழு வைத்தேன். "திருக்கை ஏன் மேல பறக்குது? மண்ணுல கிடக்கும்." கீழே இறக்கினேன். பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் பவளப்பாறையைப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கிறது, உண்மையில் குண்டும் குழியுமாகத்தான் இருக்கும், கால் அறுத்துக்கொள்ளும் என்றார். மாற்றினேன். ஒரு வாரத்தில் 11 வடிவம் ஆனது. காகிதத்தில் இப்படிப் பதினோரு தடவை திருத்தியிருந்தால் ஊராரும் நானும் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருப்போம்.

பெரிய தப்பு ஆவுளியாவில். கடல்பசு என்று புத்தகத்தில் எழுதுகிறோமே, அது. இணையத்தில் கிடைத்த ஒரு படத்தைப் பார்த்து வரைந்திருந்தேன். ஒரு பெரியவர் டேப்லெட்டைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, "இது நம்ம ஆவுளியா இல்ல" என்றார். வாலைக் காட்டினார். நான் வரைந்தது துடுப்புப் போல உருண்டையான வால். ஆவுளியாவுக்கு ஓங்கில் (டால்பின்) வால் போல இரண்டாகப் பிரிந்திருக்கும். நான் பார்த்தது அமெரிக்க, ஆப்பிரிக்கக் கரைகளில் வாழும் மானாட்டியின் படம், பெயர் மாற்றிப் போட்டிருந்தார்கள். அவர் சின்ன வயதில் வலையில் சிக்கியதை அருகில் பார்த்தவர். வாலை அங்கேயே அழித்து வரைந்தேன். குட்டியையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். இரண்டையும் இடப்பக்கக் கடற்புல்லில் மேயவிட்டோம்.

பாலத்தில்தான் சண்டை. அந்த ஏப்ரல் 6ஆம் தேதிதான் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டிருந்தது. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் வரை மேலே போகும். பையன்களுக்கு அதுதான் வேண்டும். பெரியவர்களுக்கு 1914ஆம் ஆண்டுப் பாலம், கை கூப்பியதைப் பிரித்தது போல இரண்டு பக்கமும் தூக்கிக்கொள்ளும் பழைய தூக்குப்பாலம். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது, ஆனாலும் அதுதான் அவர்களுக்குப் பாம்பன். இரண்டையும் தனி அடுக்காக வைத்து ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டினேன். பிறகு இரண்டையும் சேர்த்துக் காட்டினேன். புதியது பின்னால் மெல்லிய கோட்டில், பழையது முன்னால் திறந்த நிலையில், நடுவே ஒரு வள்ளம். சத்தம் அடங்கியது.

தீவுகளும் அப்படித்தான். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21 என்று எல்லோரும் சொல்வோம். அதில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இப்போது தண்ணீருக்குள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல காலம் பவளக்கல் வெட்டியெடுத்ததன் விளைவு. 19 வரைவதா 21 வரைவதா? தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இரண்டுக்கும் வெறும் கோடு மட்டும் போடலாம் என்று சொன்னது மாமா. டேப்லெட்டில் எனக்கு அது தோன்றவேயில்லை.

நிறம் எங்கே தப்பியது

அமைப்பு முடிந்ததும் நான்கு ஏ3 தாளில் அச்சடித்தேன். ஒரு தாளுக்கு 8 அடிக்கு 8 அடி, ஓர் அடிக்கு மூன்றரை சென்டிமீட்டர் கட்டம். இதை மாமா சுவர் முன்னால் ஒட்டிவைத்து வேலையைத் தொடங்கினார்.

கட்டம் போடுவது அவருக்கு நாள்பட்ட பழக்கம். நூலில் நீலப்பொடி தடவி, இரண்டு பேர் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் சுவரில் கோடு விழும். 256 கட்டமும் ஒரு காலைக்குள் முடிந்தது. நான் இரவல் வாங்கி வந்திருந்த புரொஜெக்டரும் இரண்டு இரவு ஓடியது. காற்றில் ஸ்டாண்ட் ஆடி மீன் நீந்தியது, ஓரங்களில் உருவம் சாய்ந்தது, 32 அடிக்கு நாலு தடவை இடம் மாற்ற வேண்டியிருந்தது, பூச்சிகள் வேறு. மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மாமா கடலில் தொடங்கினார். தாளைப் பார்த்தே நீலம் கலந்தார். முதல் நாள் ஆறடி நீளத்துக்குக் கடல் வந்தது. சாயங்காலம் வெயில் சுவரில் இறங்கியதும் கூடத்திலிருந்து ஒரு குரல்: "யாரு கத்தரிக்காய் கொட்டி வச்சது?"

உண்மைதான். ஊதா. காலை நிழலில் கண்ணுக்குப் படவில்லை, மஞ்சள் வெயிலில் கத்தரிக்காய்த் தோலாக நின்றது.

எனக்கு அச்சுக்கடை மேல் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் தப்பு என் கோப்பில்தான். திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டும். அச்சு மையைப் பூசி ஒளியைக் கழிக்கும். திரையில் வரும் அந்த எரிகிற நீலத்துக்கு அச்சில் இடமே இல்லை. அச்சில் நீலம் என்பது சியான் என்ற வெளிர்நீல மையும் மெஜந்தா என்ற அடர் இளஞ்சிவப்பு மையும் சேர்ந்தது. மெஜந்தா சியானை நெருங்கினால் ஊதா பக்கம் சாயும். இரண்டுக்கும் இடையில் முப்பது சதவீதமாவது இடைவெளி விடு என்பது வடிவமைப்பாளர்களின் அடிப்படைப் பாடம். கல்யாணப் பத்திரிகைகளில் நான் தப்பாமல் செய்வதுதான். இங்கே மாற்றாமல் அப்படியே அனுப்பியிருக்கிறேன். மாமாவின் கண் மேலும் பிசகில்லை. ஊதாத் தாளைப் பார்த்து ஊதாவைத் துல்லியமாகக் கலந்திருக்கிறார்.

மாமா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு கட்டு ஒட்டுப்பலகைத் துண்டுகளோடு வந்தார், ஒவ்வொன்றும் ஒரு சாண். 14 துண்டிலும் அவரே கலந்த 14 நிறம், சுவரில் பூசப்போகும் அதே பெயிண்டில். கம்பியில் கோத்துச் சுவரில் தொங்கவிட்டு, காலை ஆறு மணி, பதினோரு மணி, சாயங்காலம் ஐந்து மணி என்று மூன்று வேளை பார்த்தோம். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றும் பார்த்தோம். மூன்று வேளையும் கடலாகத் தெரிந்த நீலங்கள் நாலே நாலு. அதில் ஒன்று நான் திரையில் தொட்டே இருக்க மாட்டேன், பச்சை கலந்து அழுக்கடைந்தது போல இருக்கும். சுவரில் ஐந்து மணி வெயிலில் அதுதான் தென்கடல்.

அப்புறம் தலைகீழாகச் செய்தோம். அந்தப் பலகைகளைச் சாம்பல் அட்டையோடு நிழலில் படமெடுத்தேன். போன் கேமரா தானாக வெண்மையை மாற்றிக்கொண்டே இருக்கும், அதை நிறுத்தி வைத்தேன். படத்திலிருந்து 14 நிறத்தையும் கிரீட்டாவின் நிறத்தட்டில் ஏற்றி, முழு ஓவியத்தையும் அந்த 14க்குள் மட்டுமே மறுபடி நிறமிட்டேன். திரையில் சோகையாக இருந்தது. மாமாவிடம் காட்டியதும் "இப்பத்தான் சுவர் மாதிரி இருக்கு" என்றார். அதற்குப் பிறகு நிறத்தில் ஒரு சிக்கலும் வரவில்லை. உருவத்தைத் திரையில் முடிவு செய், நிறத்தைச் சுவரில் முடிவு செய், பிறகு திரைக்குக் கொண்டுபோ. இந்த வரிசையை முதலிலேயே பிடித்திருந்தால் ஐந்து நாளும் இரண்டு டப்பா பெயிண்டும் மிச்சம்.

சுவர் சொன்னது

பழைய சுவர், உப்புப் பூத்தது. தரையிலிருந்து இரண்டரை அடி வரை வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது. நான் அதற்கும் மேல் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றேன். மாமா கேட்கவில்லை. எனாமலோ எமல்ஷனோ தோல் போல மூடிக்கொள்ளும், உள்ளே ஏறுகிற ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளமாகத் தள்ளும். அதனால் அந்த இரண்டரை அடிக்குச் சுண்ணாம்புதான், கோயில் மதில் போல வெள்ளையும் காவியும் பட்டை. ஓவியம் அதற்கு மேலிருந்து. மேல்விளிம்பில் அலை போல ஒரு நீலக் கரையும் வேண்டும் என்று கேட்டேன். என்னிடமிருந்த பிரஷ்யன் நீலத்தை ஒதுக்கிவிட்டு, வெள்ளையடிக்கும்போது கலக்கும் நீலப்பொடியை எடுத்தார். "அது சுண்ணாம்பத் தாங்காது, பழுப்பாயிரும்." சுண்ணாம்பின் காரம் பிரஷ்யன் நீலத்தைச் சிதைத்துவிடும். நீலப்பொடியில் இருப்பது அல்ட்ராமரின், அமிலம்தான் அதற்குப் பகை, காரத்தில் நிற்கும். இந்தக் காரணத்தை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் எங்கோ ஒரு சுவர் பழுப்பானதைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

மே கடைசியில் கச்சான் பிடித்தது. மேற்குச் சுவர் என்பதால் மணல் நேராக வந்து ஈர பெயிண்டில் ஒட்டியது. விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு நிறுத்துவது என்று மாற்றிக்கொண்டோம். நாளுக்கு மூன்றரை மணி நேரம்தான், ஆனால் நிழலும் காற்றில்லாமையும் இருந்தன.

காகிதத்தில் உப்பு விட்ட நட்சத்திரத் தடத்தைச் சுவரில் எப்படிக் கொண்டுவருவது என்பது எனக்குக் கவலை. டேப்லெட்டில் பெரிதாக்கிக் காட்டினேன். மாமா கூடத்துக்குள் போய்க் கிழிந்த நைலான் வலைத் துண்டு ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்து, வெளிர்நிறத்தில் தோய்த்து ஒற்றினார். உப்புத் தடம் வரவில்லை. அதைவிட நன்றாக, தண்ணீருக்குள் வெளிச்சம் ஆடுவது போல ஒன்று வந்தது. காரல் மீன் கூட்டத்துக்கு, நான் வெளிக்கோட்டை அச்சடித்துக் கொடுக்க, பழைய ஃபிளெக்ஸ் பேனரை வெட்டி அச்சுத்தகடு செய்தார். தண்ணீர் பட்டாலும் துவளாது, துடைத்துத் துடைத்து அடிக்கலாம். இருநூறு மீன் இரண்டு காலையில் முடிந்தது. "என் பொழப்பக் கெடுத்தது இன்னைக்காவது ஒரு வேல செய்யட்டும்" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். வெட்டிய பேனரில் யாருடைய முகம் இருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

செலவு 46,000 ரூபாய். பெயிண்டும் பிரைமரும் 19,500, சாரமும் உதவிக் கையும் 8,000, மாமாவுக்கு 15,000, அச்சும் காகிதமும் 3,500. எனக்கு மீன் வந்தது, வாரம் ஒருமுறை, நல்ல மீனாகவே.

மழைக்குப் பிறகு

முடிந்ததும் சுவரை 12 துண்டாக, ஒன்றின் மேல் ஒன்று கால்வாசி படியும்படி படமெடுத்து ஒட்டி வைத்தேன், எடுக்கும்போதெல்லாம் 14 பலகையையும் ஓரத்தில் மாட்டி. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்தேன். பலகைகள் மாமா வீட்டு அறைக்குள் இருந்ததால் அவை மாறவில்லை. அவற்றோடு ஒப்பிட்டால் சுவரில் எது வெளுத்தது என்று நன்றாகத் தெரிந்தது. பவளத்தின் இளஞ்சிவப்புதான் முதலில் போயிருக்கிறது, மேற்கு வெயில் தின்றது. நீலங்களும் காவியும் நிற்கின்றன. சுண்ணாம்புப் பட்டையில் உப்பு மறுபடி பூத்திருக்கிறது, அதை விளக்குமாற்றால் தட்டி, ஒரு கை சுண்ணாம்பு அடித்தால் தீர்ந்தது. ஓவியத்தில் கொப்புளம் ஒரே இடத்தில்தான், ஆவுளியாக் குட்டிக்குக் கீழே, ஒரு பழைய குழாய் போகும் தடத்தில். அந்த இளஞ்சிவப்புக்கு இனி இரும்பு ஆக்சைடுக் காவியை வெளிறக் கலந்து பார்க்கலாம் என்று மாமா பதினைந்தாவது பலகை ஒன்றைப் பூசி வைத்திருக்கிறார்.

வலை மூட்டைகளைச் சாய்த்து வைக்கும் இடது ஓரத்தில் மேல் பூச்சு உரசித் தேய்ந்து, அடியிலிருந்து ஊதா எட்டிப்பார்க்கிறது. ஒரு சாண் அகலம் இருக்கும். திருத்தப் போனபோது பையன்கள் விடவில்லை. அதற்கு அவர்கள் ஏற்கெனவே கத்தரிக்காய்த் திட்டு என்று பெயர் வைத்து, கிரிக்கெட்டுக்கு ஸ்டம்பாக வைத்துக்கொண்டுவிட்டார்கள்.